நாளைக்கு இழுக்கும் வண்டி

ஒத்தப்புளிப்பட்டியில் நாளைக்குச் சந்தைக்குப் போகவேண்டியவர்கள் இன்றைக்கே வந்து ஜக்கையன் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கார் நகராது. புளியமரத்தடியில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜக்கையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் மிதிக்க, பின்னால் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே அசையாத மரத்தைப் பார்த்தபடி, "பாலம் வந்துருச்சுண்ணே, மெதுவா," என்பார்கள், "ரேஷன் கடைகிட்ட நிறுத்துங்க, எங்க சின்னம்மா ஏறும்," என்பார்கள், சந்தை வாசல் வந்துவிட்டது என்றதும் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து மறுபடியும் ஏறுவார்கள். அப்போது கார் போகும். நேற்று மிதித்த மிதிக்கு இன்றைக்கு ஓடும்.

கம்பத்துப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. மேலே சாரல்மேட்டில் ஏலத்தோட்டங்கள். ஜக்கையனின் கார், ஒரு எஸ்டேட் மேனேஜர் ஓட்டித் தேய்த்துக் கைவிட்ட பழைய டீசல் கார், முதுகில் டர்போ என்று எழுதியிருந்ததில் ஓர் எழுத்து எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது, ஆனாலும் வாங்கின புதிதில் கொண்டை ஊசி வளைவுகளில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஏறும், ஜீப்புக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். ஜக்கையன் நல்ல டிரைவர்தான். ஒரே ஒரு பழக்கம், போன இடத்தில் கார் நின்றதோ இல்லையோ சாவியைத் திருப்பிவிடுவார். இறக்கத்தில் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடுவார். ஒரு சொட்டு டீசல் மிச்சம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

மெக்கானிக் மீரான்கனி ராவுத்தர் எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தார். "மாப்ள, இஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போக்குள்ள இருக்குற சக்கரம் பம்பரமாச் சுத்துது, நெருப்பாக் கெடக்குது. இஞ்சின் ஓடுனாத்தான் அதுக்கு எண்ணெய் போகும். நீ வந்த வேகத்துல அணைச்சா அது காஞ்சு சுத்திக் கருகுதுய்யா. வந்து நின்னதும் ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற நேரம் சும்மா ஓடவிடு."

"பாத்துக்கலாம் பாய்," என்பார் ஜக்கையன்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான். கூரை ஒழுகினால் பார்த்துக்கலாம். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதல் கியரில் போட்டு டயருக்குக் கல் வைத்துவிட்டுப் பார்த்துக்கலாம். அவர் பெண்சாதி குருவம்மா கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தியவள், உலை கொதிக்கும்போது அரிசி இல்லையென்றால்கூட அவரிடம் சொல்லமாட்டாள், சொன்னால் என்ன வரும் என்று தெரியும்.

குருவம்மாவின் அண்ணன் போத்தையன் சாரல்மேட்டில் இருந்தார். அவர் மகள் பெரியவளாகி, சடங்குக்கு நாள் குறித்தபோது, கார் ஏற்கனவே ஏற்றத்தில் நீலப்புகை கக்க ஆரம்பித்திருந்தது. அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் ஆயிரம் அத்தை இருக்கலாம், அந்தப் பெண்ணுக்குக் குருவம்மா ஒருத்திதான். "முந்துன நாளே ஜீப்புல போயிருவமா?" என்று கேட்டாள். "நம்மகிட்ட காரு இருக்கையில ஜீப்புக்கு என்ன, பாத்துக்கலாம்," என்றார்.

சடங்கன்றைக்கு மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் கார் நின்றுபோனது. புகையென்றால் அப்படி ஒரு புகை, மலை தெரியவில்லை. மடியில் பட்டுப்பாவாடையும் வளையலும் மஞ்சளும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்த குருவம்மா ஒரு வார்த்தை வையவில்லை. இறங்கினாள், தாம்பாளத்தைத் தலையில் வைத்தாள், நடந்தாள். ஜக்கையன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடியே நின்றார். அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குத் தலை துவட்டிப் பூ வைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஊற்றியிருந்தாள், நேரம் தப்பக்கூடாதே.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு டிராக்டரைப் பிடித்து மேலே போன ஜக்கையனிடம், குருவம்மா வாசலை விட்டு இறங்காமலே சொன்னாள்: "அந்தக் காரு என்னைக்கு நேரத்துக்கு இங்க ஏறி வருதோ அன்னைக்குப் பாப்போம்யா. இப்பப் போ."

அவர் போனார். வீட்டில் ஒருத்தருக்கு உலை வைப்பது எப்படி என்று தெரியாமல் நாலு பேருக்கு வடித்துவிட்டு, அப்புறம் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மீரான்கனியின் பட்டறைக்கு நடந்தார்.

"புது டர்போ விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்," என்று மீரான்கனி தலையைச் சொறிந்தார். "இருக்குறத வெச்சுத்தான் செய்யணும். செய்வோம். என் கைக்கு வந்த வண்டி எது ஓடாமப் போச்சு?"

"உங்க ஸ்கூட்டர்," என்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து சுருளியாண்டி சொன்னான். மீரான்கனி அவன் பக்கம் திரும்பவேயில்லை.

பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு லாரி டர்போவை எடுத்து வந்தார். காருக்கு அது பெரிசு. பெரிசு என்பதற்காக விட்டுவிட முடியுமா, முன்பக்கத்துத் தகட்டை வெட்டி இடம் பண்ணினார், பால்வண்டி ஒன்றின் ரப்பர்க் குழாயை அளவெடுத்து அறுத்து மாட்டினார், மோதிக் கிடந்த வேறொரு காரில் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரைக் கழற்றி அதன் நசுங்கின பல்லையெல்லாம் ஊசியால் நிமிர்த்தி, ரேடியேட்டருக்கு முன்னால் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினார். காற்றுக் கசிகிறதா பார்க்க மிஷினா இருக்கிறது, சாம்பிராணியைப் போட்டுப் புகையைக் குழாய்க்குள் ஊதினார், எங்கெங்கே புகை வந்ததோ அங்கெல்லாம் கிளிப்பை முடுக்கினார். பட்டறை முழுக்க வெள்ளிக்கிழமை மாதிரி மணத்தது. ஜக்கையன் பக்கத்திலேயே குந்தி ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூடப் பார்த்துக்கலாம் என்று சொல்லவில்லை.

மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு வேலை முடிந்தது. ஜக்கையன் ஏறி முதல் கியரைப் போட்டு மிதித்தார். இஞ்சின் டகடகவென்று நின்ற நிலையிலேயே ஓடியது. இன்னும் மிதித்தார். குரலே ஏறவில்லை.

"பழைய டர்போ கொஞ்சம் தாமசிச்சுத்தான் இழுக்கும், மிதி மாப்ள," என்றார் மீரான்கனி. மிதித்தார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிதித்தார். கடைசியில் ரெண்டு பேருக்கும் அலுத்துப்போய், வழக்கம்போல் முதல் கியரில் போட்டு டயருக்குக் கல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் மில் சங்கு ஊதியது. பட்டறை வாசலில் யாரும் இல்லாத கார் தானே உறுமியது, கல்லை ஏறித் தாண்டியது, நேராக ரோட்டைக் கடந்து சுருளியாண்டி கடைப் பெஞ்சை முட்டித் தள்ளிக்கொண்டு போய் வேலியில் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் கையில் கிளாஸோடு எழுந்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

"சாவி எங்கண்ணே?" என்று கேட்டான் சுருளியாண்டி.

ஜக்கையன் மடியை அவிழ்த்துக் காட்டினார். சாவி மடியில் இருந்தது.

"நேத்து இந்த நேரத்துக்குத்தான மிதிச்சீங்க?"

"ஆமா."

"அப்ப அதுதான் இது," என்று சுருளியாண்டி பெஞ்சை நிமிர்த்திப் போட்டான். டீ ஆற்றப் போய்விட்டான்.

மீரான்கனி காரைச் சுற்றி வந்து, குனிந்து டர்போவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த லாரியிலிருந்து வந்துச்சுன்னு விசாரிச்சேன். ஏதோ கேஸ்ல மாட்டி வருஷக்கணக்கா நின்ன லாரியாம். இன்னைக்கு வாய்தா, நாளைக்கு வாய்தான்னு மழையிலயும் வெயில்லயும் நின்னுருக்கு. அதுக்குப் பழகிப்போச்சு."

"கழட்டிருவமா பாய்?"

"கழட்டுனா வேற வாங்கணும். ஒரு நாள் பொறுத்தா இழுக்குதுல்ல? இழுக்காத டர்போவுக்கு இது தேவலைதான?"

அதில் நியாயம் இருந்தது. அப்படியே விட்டார்கள்.

வலது கால் நாளைக்கு உழைக்கும், கை ரெண்டும் இடது காலும் இன்றைக்கு உழைக்கும். பிரேக்கும் இன்றைக்குத்தான் பிடிக்கும். ஓடுகிறபோது மிதிப்பதும் நாளைக் கணக்கில்தான் சேரும். இதைப் பழக ஜக்கையனுக்குக் கொஞ்ச காலம் ஆனது, ஊருக்கு அவ்வளவுகூட ஆகவில்லை. வழியில் மாடு நின்றால் கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருக்கலாம், ஆனால் இஞ்சின் நேற்றைய கணக்கில் கத்தி முடித்துவிடும், மாட்டுக்குக் கொடுத்த தூரம் கடைசியில் குறையும், சந்தைக்கு முன்னாலேயே இறங்கி நடக்க வேண்டும். அதனால் மிதிக்கும்போதே மாட்டுக்கென்று கொஞ்சம் சேர்த்து மிதிக்கச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள். மறந்துபோய் மிதித்ததும் வீணாகாது, அதற்கான நேரம் வந்தால் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் கிளம்பிவிடும், ஆகவே அந்த நேரத்துக்கு யாராவது ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும்.

ஊர் நாளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. நாளைக்கு மாமியாரோடு சண்டை வரும், அதற்கு மறுநாள் அம்மா வீட்டுக்குப் போகணும் என்று ஒருத்தி முன்கூட்டியே வந்து சொல்லி வைத்தாள். மறுநாள் மாமியாரும் வந்து உட்கார்ந்தாள், "அவ போறப்ப நானும் போறேன், சம்பந்திகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்று. மலையாண்டித் தேவர் ஒரு மத்தியானம் வந்து, "நாளைக்கு நெஞ்சு வலிக்கும்போல இருக்கு, பெரியாஸ்பத்திரிக்கு மிதிச்சு வைப்பா," என்று சொல்லித் தானும் ஏறி உட்கார்ந்து வாசல்வரை போய் இறங்கினார். மறுநாள் வலித்தது, போனார்கள், ஊசி போட்டு அனுப்பினார்கள், இன்றைக்கும் அவர் சுருளியாண்டி கடையில் கடன் சொல்லி வடை தின்கிறார். காருக்குத் தகுதிச் சான்று பார்க்க வந்த அதிகாரி ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா இழுக்கலை?" என்றார். "நாளைக்கு வந்து பாருங்க சார்," என்றார்கள். அவரும் மறுநாள் வந்து, தன்னுடைய மிதியில் தானே ஒரு சுற்றுப் போய்வந்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோன ஜக்கையன் சாரல்மேட்டுக்கு மட்டும் மிதிக்கவில்லை.

"ஏப்பா, காரு ஏறும்ல?" என்று மீரான்கனி கேட்டார்.

"ஏறும்."

"பின்ன?"

ஜக்கையன் வாயில் அந்தப் பழைய சொல் வந்தது. சொல்லாமல் முழுங்கினார். மில் சங்குக்கு இன்னும் நேரம் இருந்த ஒரு காலைப்பொழுதில், பள்ளிக்கூட மணி அடிக்கும்போது, தனியாக ஏறி உட்கார்ந்து மலைக்கு மிதிக்கத் தொடங்கினார். கோயில் திருப்பம் தாண்டினார், சோதனைச்சாவடி தாண்டினார், முதல் வளைவில் காலைத் தளர்த்தி, திருப்பி, அழுத்தினார், ரெண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவது வந்ததும், புளியமரத்தடியில் நிற்கிற காரின் கண்ணாடியில், தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போகிற முதுகு தெரிந்தது. கால் தானாக எழும்பிவிட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் அந்த முதுகைத் தாண்டி அவருக்கு ரோடு தெரியவில்லை.

மறுநாள் கார் மூன்றாவது வளைவுவரைக்கும் ஏறி நின்றது. இறக்கத்தில் உருட்டிக்கொண்டு திரும்பினார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

ஏலக்காய் பறிக்கத் தினமும் ஜீப்பில் மேலே போகிற பெண்கள் இதைப் பார்த்தார்கள். அவர்களில் வெள்ளத்தாய்க்கு வாய் சும்மா இருக்காது. மேலே போய்க் குருவம்மாவிடம், "உன் புருஷன் மூணாவது வளைவுவரைக்கும் வந்து வந்து திரும்புறாரு மதினி, அங்க எதையாவது தொலைச்சுட்டாரா?" என்றாள். குருவம்மா சாக்கில் கொட்டின ஏலக்காயில் பச்சையையும் பழுத்ததையும் பிரித்துக்கொண்டிருந்தாள். "தொலைச்சத அங்கயே தேடட்டும்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தெனமுமா வர்றாரு?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் வெள்ளத்தாய் தன் கூட்டத்தோடு ஜீப்பை விட்டுவிட்டு வந்து, முந்தின நாள் மிதி எதுவும் பாக்கியில்லாமல் புளியமரத்தடியில் நின்ற ஜக்கையன் காரின் பின்சீட்டில் நெருக்கி அடைத்து உட்கார்ந்தாள். கூலி ஒரு நாள் போகிறது, போகட்டும் என்றார்கள்.

"மிதிங்கண்ணே. நாங்க இருக்கோம்."

மிதித்தார். முதல் வளைவு. ரெண்டாவது வளைவு. மூன்றாவது வருமுன்னே பின்னாலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்: "அந்தா போயிருச்சு மூணாவது, திரும்பிப் பாக்காதீங்க, நாலாவதுல கொரங்கு நிக்கிது, ஏய் அதுக்கு ஒரு பழம் போடுடி, பழம் போட்டாச்சு, மிதிங்க, அஞ்சாவதுல பனி, லைட்டப் போடுங்க, குளிருதுடி கண்ணாடிய ஏத்து, கருப்பசாமி கல்லு, கும்பிட்டுக்கங்க, மிதிங்கண்ணே, காலை எடுத்தீகன்னா நாங்க நடக்கணும்!" ஒருத்தி நிஜமாகவே சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சாரல்மேடு வந்துவிட்டது என்று அவர்கள் சொன்னபோது ஜக்கையனின் சட்டை நனைந்திருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூட மணிக்குக் கார் கிளம்பியது. மூன்றாவது வளைவில் அவர் கை திருப்பியது, நேற்று அத்தனை பேர் சேர்ந்து மிதித்த மிதி அது, யாருக்காகவும் நிற்கவில்லை. வழியில் ஒரு லாரிக்கு ஒதுங்க வேண்டியிருந்தது, அதற்கும் வெள்ளத்தாய் நேற்றே சேர்த்துச் சொல்லியிருந்தாள். போத்தையன் வீட்டு வாசலில் போய் நின்றது.

ஜக்கையன் சாவியைத் தொடவில்லை. இறங்கி, ஓடுகிற காருக்குப் பக்கத்தில் நின்றார்.

"வா மாப்ள, வண்டி ஏறிருச்சுபோல," என்று போத்தையன் சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருக்கிறதுபோல் கொல்லைப்பக்கம் போனார்.

குருவம்மா சாக்கை விட்டு எழவில்லை. காரைப் பார்த்தாள்.

"இஞ்சின் ஓடுது."

"ஓடட்டும். சூடு ஆறணும்."

அவள் கையில் இருந்த காயை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாதவள் மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "எப்ப மிதிச்ச?"

"நேத்து. வெள்ளத்தாயி சாட்சி."

"அதக் கேக்கலய்யா. இன்னைக்கு. ஏறி வர்றப்ப உன் காலு எங்க இருந்துச்சு?"

 மிதித்தேன் என்றால், இவள் இன்றைக்கு வரமாட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டே வந்ததாக ஆகும். மிதிக்கவில்லை என்றால், ஒரு தடவை வந்து கூப்பிட்டதோடு சரி என்று ஆகும். ரெண்டிலும் அவளுக்குப் பேச்சு இருந்தது. அவருக்குப் பொய் அவ்வளவு வேகத்தில் வராது.

"மிதிச்சுக்கிட்டேதான் வந்தேன்."

"வரமாட்டேன்னே தீர்மானம் பண்ணிட்டியா?"

"அப்படி இல்ல. நீ வரலேன்னா நாளைக்கு வரணுமுல்ல. இன்னைக்கு மிதிக்காம நாளைக்கு எப்படி வர?"

"ஏன், பாத்துக்கலாம்னு வரவேண்டியதுதான?"

"இதுல அது முடியாது குருவம்மா."

கார் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். பால் ஊற்றாத ஒரு கிளாஸ் கட்டன் சாயாவைக் கொண்டுவந்து பானெட்மேல் வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. பானெட் நடுங்கினதில் சாயா லேசாக அலம்பிக்கொண்டிருந்தது.

"அப்ப நாளைக்கு வா," என்றாள்.

அவர் சாயாவைக் குடித்தார். டர்போ ஆறியதும் கீழே இறங்கினார், இஞ்சினை அணைக்காமலே.

மறுநாள் கார் போனபோது குருவம்மா ரோட்டோரத்தில் தகரப்பெட்டியோடு நின்றாள். பெட்டியைப் பின்சீட்டில் தள்ளிவிட்டு முன்னால் ஏறினாள். இஞ்சின் ஆறுகிறவரைக்கும் ரெண்டு பேரும் எதிரே தெரிந்த மஞ்சுப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கார் இறங்கி மூன்றாவது வளைவைத் தாண்டியது. அப்புறம் கேட்டாள்: "இன்னைக்கும் மிதிச்சுக்கிட்டா வந்த?"

"ஆமா."

"நான்தான் வந்துட்டேனே. நாளைக்கு மலைக்குப் போறது யாருக்காம்?"

"நீ வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

குருவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவருக்குத் தெரியவில்லை.

மிதித்தது மிதித்ததுதான். அடுத்த நாள் பள்ளிக்கூட மணிக்குக் கார் மலைக்குக் கிளம்பிவிட்டது, யாராவது பிடித்தாக வேண்டும், புருஷனும் பெண்சாதியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். காலியாகப் போவானேன் என்று வெள்ளத்தாய் கூட்டம் பின்னால் ஏறியது. தங்கச்சியைப் பார்த்ததும் போத்தையன் பதறி ஓடிவந்தார். "என்னாத்தா, நேத்துத்தான போன? அதுக்குள்ள சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லண்ணே. அவரு மிதிச்சிருந்தாரு, வந்தோம்."

அன்றைக்கும் ஏறும்போது ஜக்கையனின் வலது கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. குருவம்மா அதைப் பார்த்தாள், எடு என்று சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. அப்படியே அந்தக் கார் தினமும் பள்ளிக்கூட மணிக்கு மலையேறுகிற கார் ஆகிவிட்டது, தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஜீப்பை எதிர்பார்ப்பதில்லை, நேற்று கிளம்பியதால் இன்றைக்கும் கிளம்பும் என்று எல்லோருக்கும் தெரியும். போத்தையன் மகளுக்குப் பின்னால் கல்யாணம் வந்தபோது அத்தை முந்தின நாளும் அங்கே இருந்தாள், அன்றைக்கும் இருந்தாள், மறுநாளும் வந்து, போதும் போ என்று சொல்லவைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வளைவு வரும்போது குருவம்மா வெளியே பார்த்தபடி கேட்பாள்.

"காலு இருக்கா?"

"இருக்கு."